ஊரை விட்டுப் போன கழகங்கள்

ஒரு தெருவிலே மூன்று பலசரக்குக் கடைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் இரண்டு ஒரே மாதத்தில் மூடப்பட்டால், எஞ்சிய மூன்றாவது கடைக்கு வாடிக்கை பெருகும் என்பதை அறியப் பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை. அரிசியும் சீனியும் வாங்காமல் மக்கள் இருந்துவிட முடியுமா? நேற்றுவரை எதிர்க்கடையில் வாங்கியவர் இன்று சற்று முகத்தைச் சுளித்துக்கொண்டேனும் இந்தக் கடைப் படியை ஏறத்தான் வேண்டும்.

1957ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க் மாநகரில் இத்தகைய சம்பவம் ஒன்று நிகழ்ந்தது. பேஸ்போல் என்னும் பந்தாட்டத்தை அங்கே நடத்திவந்த மூன்று பெருங்கழகங்களுள் இரண்டு, மூட்டை முடிச்சுகளோடு மூவாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மேற்குக் கரைக்குப் போய்விட்டன. எஞ்சியது யாங்கீஸ் கழகம் ஒன்றே. அடுத்த ஆண்டு அதன் மைதானத்தில் சனம் நிரம்பி வழிந்திருக்குமென நேயர்கள் எண்ணுவர். கணக்கோ வேறு விதமாய் இருக்கிறது. 1957இல் யாங்கீஸ் ஆட்டங்களைச் சென்று பார்த்தோர் 14 இலட்சத்து 97 ஆயிரம் பேர். 1958இல் 14 இலட்சத்து 28 ஆயிரம் பேர். போட்டியில்லாத சந்தையிலே வியாபாரம் குறைந்துவிட்டது! அவ்வாண்டு அக்கழகம் உலக முதன்மையை வென்ற ஆண்டு என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

நம் கல்லூரியில் வாணிபம் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் இக்கணக்கைக் காட்டினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அச்சுப் பிழையாக இருக்கலாம்” என்றார். அச்சுப் பிழையன்று. அபிமானம் என்பது சந்தைச் சரக்கன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நாம் கண்டதில்லை. அதன் வரலாறு சற்று நீண்டது, பொறுமையோடு கேட்கத்தக்கது.

ஆட்டத்தைப் பற்றி முதலில் இரண்டொரு வார்த்தை. பேஸ்போல் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஒன்பது பேர். கிரிக்கெட்டில்போலப் பந்து நிலத்திற் குத்தி எழுவதில்லை. எறிபவர் கையிலிருந்து நேரே அடிப்பவரிடம் வருகின்றது. அடித்தவர் சாய்சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அனுப்பிவிட்டால் ‘ஹோம் ரன்’. நம் சிக்ஸரைப் போன்றது. ஆனால், அப்போது தளங்களில் நிற்கும் தோழர்களின் ஓட்டங்களும் சேர்ந்து வரும். தேசிய லீக், அமெரிக்க லீக் என இரண்டு பிரிவுகள் உண்டு. அக்காலத்தில் ஒவ்வொரு கழகமும் தன் லீக்குக்குள் ஆண்டுக்கு 154 ஆட்டம் ஆடியது. இரு லீக்கிலும் முதலிடம் பெற்றவை இலையுதிர்காலத்தில் மோதுவதே ‘உலகத் தொடர்’; ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வென்றவர் உலக முதன்மையாளர்.

நியூயோர்க்கின் மூன்று கழகங்களுள் ஜயன்ற்ஸும் டொட்ஜர்ஸும் தேசிய லீக்கைச் சேர்ந்தவை. ஆகையால் அவை ஆண்டுதோறும் 22 முறை ஒன்றையொன்று சந்தித்தன. யாங்கீஸ் அமெரிக்க லீக்கைச் சேர்ந்தது. மற்ற இரண்டோடும் அதற்குக் கணக்கில் வரும் மோதல் உலகத் தொடரில் மட்டுமே. எனவே ஜயன்ற்ஸ்-டொட்ஜர்ஸ் பகை வேலிச் சண்டைபோல நாள்தோறும் நடப்பது. யாங்கீஸோடு கொண்ட பகை திருவிழாச் சண்டைபோல அபூர்வமானது, ஆனால் ஊரறிந்தது.

வீட்டுக்காரரும் வாடகைக்காரரும்

மூன்றனுள் முதலிற் செல்வாக்குப் பெற்றது ஜயன்ற்ஸ். மான்ஹற்றன் தீவின் வடபகுதியில், போலோ கிறவுண்ட்ஸ் என்னும் மைதானம் அதன் இருப்பிடம். 1902 முதல் 1932 வரை அக்கழகத்தை நெறிப்படுத்திய ஜோன் மக்கிறோ கடுஞ் சொல்லுக்கும் கூரிய அறிவுக்கும் பேர் போனவர். 1903இல் நகருக்கு வந்த யாங்கீஸ் அப்போது ஒரு பொருட்டன்று. 1913 முதல் ஜயன்ற்ஸின் மைதானத்திலேயே வாடகைக்கு இருந்து ஆடிவந்தது.

பின்னர் பேப் றூத் வந்தார். 1919ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் பொஸ்டன் கழகத்திடமிருந்து யாங்கீஸ் அவரை விலைக்கு வாங்கியது. ஹோம் ரன் அடிப்பதில் அவருக்கு ஒப்பாரை அதற்கு முன் எவரும் கண்டதில்லை. அடுத்த ஆண்டே யாங்கீஸின் ஆட்டங்களைக் கண்டவர் தொகை 12 இலட்சத்து 89 ஆயிரமாயிற்று. அதற்கு முன் எக்கழகமும் பத்து இலட்சத்தை எட்டியதில்லை. வீட்டுக்காரராகிய ஜயன்ற்ஸுக்கு வந்தோர் 9 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்காரனைவிடச் செழிப்பாக வாழ்ந்தால் வீட்டுக்காரனுக்கு உறக்கம் வருமா? இடத்தைக் காலி செய்யுமாறு ஜயன்ற்ஸ் சொல்லிவிட்டது.

1921, 1922 ஆகிய இரு ஆண்டுகளிலும் வீட்டுக்காரரும் வாடகைக்காரருமே உலகத் தொடரில் மோதினர். எல்லா ஆட்டமும் ஒரே மைதானத்தில் நடந்தது. இருமுறையும் மக்கிறோவின் பக்கமே வென்றது. ஆனால் யாங்கீஸ் போன இடம் தொலைவிலன்று. ஹார்லம் ஆற்றின் மறுகரையில், பழைய வீட்டுக்காரரின் கண்ணெதிரே, முன்னையதைவிடப் பெரிய அரங்கைக் கட்டி 1923 ஏப்ரிலில் திறந்தனர். அந்த ஆண்டு உலகத் தொடரும் அவர்களுக்கே கிடைத்தது. ஒரு சந்தையைப் பங்கிட்டுக்கொண்டவர் இருவருள் ஒருவரின் பேராசை மற்றவருக்கே நன்மையாய் முடிந்த கதை இது.

புறூக்ளின் மக்கள்

இனி நம் நெஞ்சுக்கு நெருக்கமான மூன்றாவது கழகத்துக்கு வருவோம். புறூக்ளின் இன்று நியூயோர்க்கின் ஒரு பகுதி. 1898 வரை அது தனி நகரம். இணைப்பைப் பற்றி 1894இல் எடுத்த வாக்கெடுப்பில், ஒரு இலட்சத்து 29 ஆயிரம் வாக்குகளுள், 277 வாக்கு வித்தியாசத்திலேயே இணைப்புக்குச் சம்மதம் கிடைத்தது. தனக்கென இருந்த நகரசபையை இழந்த அவ்வூருக்குத் தன் பெயரைத் தாங்கி நாடெங்கும் சென்றுவர எஞ்சியிருந்தது பந்தாட்டக் கழகமே. தெருவெங்கும் ஓடிய ட்ராம் வண்டிகளுக்கு விலகி ஓடுபவர்கள் என்று புறூக்ளின் மக்களை மற்றவர்கள் ஏளனமாகச் சொல்வதுண்டு. விலகி ஓடுபவர் என்னும் பொருள்பட அமைந்ததே ‘டொட்ஜர்ஸ்’ என்ற பெயர். ஏளனத்தையே கொடியாக உயர்த்திக்கொண்ட ஊர்!

அதன் மைதானமாகிய எபெற்ஸ் பீல்ட் 1913இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 32 ஆயிரம் பேர் கொள்ளும் சிறிய இடம். முன் வரிசையில் இருப்பவருக்கு ஆட்டக்காரர் முணுமுணுப்பதும் காதில் விழும். வெளிச்சுவரில், ஆட்டக் கணக்குப் பலகையின் அடியிலே, ஒரு தையற்கடைக்காரரின் விளம்பரம்: இவ்விடத்திற் பந்தை அடிப்பவருக்கு ஒரு சூட் இனாம். (அவ்விளம்பரத்தால் ஊரறிந்த ஏப் ஸ்ராக் பிற்காலத்தில் புறூக்ளின் பிரிவுக்கே தலைவராகத் தெரிவானார்.) பித்தளை மணியொன்றை ஓயாது ஆட்டிக் கூச்சலிடும் ஒரு பெண்மணி, சுருதி சேராத வாத்தியங்களோடு வந்து நடுவர்களைப் பரிகசிக்கும் ஒரு சிறு கோஷ்டி. இவர்கள் எல்லாம் சம்பளம் பெற்றவர்களல்லர்.

1934ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜயன்ற்ஸின் தலைவர் பில் ரெறி, வரப்போகும் பருவத்தைப் பற்றிப் பத்திரிகையாளரோடு பேசுகையில், புறூக்ளின் இன்னும் லீக்கில் இருக்கிறதா என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டார். அச்சொல் ஊர் முழுதும் பரவியது. பருவத்தின் இறுதி இரண்டு ஆட்டங்களில் ஜயன்ற்ஸ் சந்திக்க நேர்ந்தது, வேறு எவரையுமன்று, புறூக்ளினையே. இரண்டிலும் புறூக்ளின் வென்றது. ஜயன்ற்ஸ் முதலிடத்தை இழந்தது. தனக்கு யாதொரு இலாபமும் இல்லாத வெற்றி. எனினும் பல ஆண்டுக்குப் போதுமான மகிழ்ச்சி. அன்று புறூக்ளினை நெறிப்படுத்தியவர் கேசி ஸ்ரெங்கல் என்பவர். இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1947 ஏப்ரில் 15ஆம் நாள் ஜாக்கி றொபின்சன் எபெற்ஸ் பீல்டில் இறங்கினார். அந்த நூற்றாண்டில் பெருங்கழகங்களில் ஆடிய முதற் கறுப்பினத்தவர் அவர். அவர் பட்ட வசையும் மிரட்டலும் தனியே எழுதத்தக்கவை. இங்கு வேண்டியது ஒன்றுதான்: தனி நகரம் என்ற பெருமையை இழந்திருந்த ஊருக்கு, நாடே செய்யத் தயங்கிய ஒன்றைத் தன் கழகம் செய்தது என்ற புதிய பெருமை கிடைத்தது. அவ்வாண்டு டொட்ஜர்ஸைக் காண வந்தோர் 18 இலட்சத்துக்கு மேல்.

ஆனால் வெற்றி மட்டும் வரவில்லை. 1941, 1947, 1949, 1952, 1953 என ஐந்து முறை டொட்ஜர்ஸ் உலகத் தொடரில் யாங்கீஸை எதிர்த்தது. ஐந்து முறையும் தோற்றது. அடுத்த ஆண்டு பார்ப்போம் என்பதே அவ்வூரின் நித்திய வாக்கியமாயிற்று. 1952ஆம் ஆண்டுத் தொடரில் கில் ஹொட்ஜஸ் என்ற சிறந்த ஆட்டக்காரர், 21 முறை முயன்றும் ஒரு நல்ல அடி அடிக்க முடியாமற் போயிற்று. வேறு ஊராயின் கல்லெறிந்திருப்பார்கள். புறூக்ளினிலோ அடுத்த இளவேனிலில் அவருடைய தடுமாற்றம் தொடர்ந்தபோது, ஒரு கத்தோலிக்கக் குரு ஞாயிறு பூசையிலே, இன்று பிரசங்கம் செய்ய முடியாத வெப்பம்; வீட்டுக்குச் சென்று கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்; கில் ஹொட்ஜஸுக்காக ஒரு செபம் சொல்லுங்கள் என்ற கருத்துப்படப் பேசி அனுப்பிவைத்தார்.

இவற்றிற்கெல்லாம் மேலானது 1951ஆம் ஆண்டின் துயரம். ஓகஸ்ட் மாத நடுப்பகுதிக்குச் சற்று முன் ஜயன்ற்ஸ் பதின்மூன்றரை ஆட்டம் பின்தங்கியிருந்தது. டொட்ஜர்ஸ் முதலிடம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அங்கிருந்து ஜயன்ற்ஸ் ஏறி வந்து பருவ முடிவிற் சமநிலையாகியது. தீர்ப்புக்காக மூன்று ஆட்டங்கள் வைத்தனர். ஆளுக்கு ஒன்று வென்றபின், ஒக்ரோபர் 3ஆம் நாள் போலோ கிறவுண்ட்ஸில் மூன்றாவது ஆட்டம். இறுதிச் சுற்று தொடங்கும்போது டொட்ஜர்ஸ் 4, ஜயன்ற்ஸ் 1. ஜயன்ற்ஸ் ஓர் ஓட்டம் பெற்று இருவர் தளங்களில் நிற்க, றால்ப் பிறாங்கா எறிய, பொபி தொம்சன் அடித்தார். பந்து இடப்புறச் சுவருக்கு மேலாற் சென்று மக்களிடையே விழுந்தது. 5க்கு 4. அன்று அரங்கில் இருந்தவர் 34,320 பேர் என்பது பதிவு. தாம் அங்கிருந்ததாகப் பிற்காலத்திற் சொல்லிக்கொண்டவர்கள் அதனினும் பன்மடங்கு. அவ்வாண்டு ஜயன்ற்ஸ், தன் மைதானத்தின் கோடியிலிருந்த அறையில் தொலைநோக்கி வைத்து எதிர்ப்பக்கத்தாரின் சைகைகளைக் களவாய்ப் படித்து வந்தது என்ற செய்தி 2001இல் வெளிவந்தது. ஐம்பது ஆண்டு கழித்து வந்த செய்தி! தொம்சனும் பிறாங்காவும் அதற்குள் நண்பர்களாகிவிட்டிருந்தனர். அபிமானிகளுக்குத்தான் புண் ஆறவில்லை.

இறுதியில் 1955 ஒக்ரோபர் 4ஆம் நாள், யாங்கீஸின் அரங்கிலேயே, ஏழாவது ஆட்டத்தில், ஜொனி பொட்றஸ் என்ற 23 வயது இளைஞர் எறிய, கியூபாவிலிருந்து வந்த சாண்டி அமோறஸ் ஓடிப் பிடித்த ஒரு பந்து ஆட்டத்தைக் காக்க, புறூக்ளின் 2க்கு 0 என வென்றது. புறூக்ளின் என்ற பெயரோடு வென்ற உலகத் தொடர் அந்த ஒன்றே.

1947 முதல் 1957 வரை பதினொரு ஆண்டுகளில் ஒன்பது முறை உலக முதன்மை இந்த நகரின் மூன்று கழகங்களுள் ஒன்றுக்கே கிடைத்தது. ஏழு முறை மோதிய இரு பக்கமும் இந்நகரத்தவையே. இத்தகைய காலத்தில் மக்கள் நிரம்பியிருப்பர் என்றுதானே எவரும் எண்ணுவர்? அங்கேதான் வியாபாரக் கணக்கு தலையை நீட்டுகின்றது. உலக முதன்மை பெற்ற 1955இல் எபெற்ஸ் பீல்டுக்கு வந்தோர் 10 இலட்சத்து 33 ஆயிரம் பேரே. போர் முடிந்தபின் பல குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தன. ஆட்டத்துக்கு மோட்டார் வண்டியில் வரவேண்டும். மைதானத்தருகே சுமார் 700 வண்டிகளுக்கே இடம். வீட்டிலோ தொலைக்காட்சி வந்துவிட்டது. அவர்கள் அபிமானத்தை விட்டவரல்லர். சீட்டு வாங்குவதைத்தான் விட்டனர். இவ்வேறுபாட்டை முதலாளிகளின் கணக்குப் புத்தகம் அறியாது.

பிரியாவிடை

இடம்பெயரும் எண்ணத்தை விதைத்தது மில்வோக்கி நகரம். பொஸ்டன் நகரிலிருந்த இரு கழகங்களுள் நலிந்ததாகிய பிறேவ்ஸ், 1952இல் 2 இலட்சத்து 81 ஆயிரம் பேரையே ஈர்த்தது. 1953இல் மில்வோக்கிக்குப் போனதும் 18 இலட்சத்து 26 ஆயிரம்! அதைக் கண்டு சென் லூயிஸ் நகரின் இரண்டாவது கழகமும், பிலடெல்பியாவின் இரண்டாவது கழகமும் அடுத்தடுத்துப் புறப்பட்டன. ஒரு நகரில் இரண்டு இருந்தால் இளைத்தது போகும் என்பது விதியாயிற்று. டொட்ஜர்ஸோ இளைத்த கழகமன்று, இலாபம் ஈட்டிக்கொண்டிருந்தது. ஆகவேதான் அதன் பிரிவு மற்றவற்றினும் கொடிதாயிற்று.

அதன் உரிமையாளர் வோல்டர் ஓமாலி ஒரு வழக்கறிஞர். புறூக்ளினிலேயே, புகையிரதங்கள் வந்து கூடும் அத்திலாந்திக், பிளாற்புஷ் வீதிச் சந்திப்பருகே தம் செலவில் புதிய அரங்கு கட்ட விரும்பினார். நிலத்தை மட்டும் நகர நிர்வாகம் தன் அதிகாரத்தைக் கொண்டு எடுத்துத் தர வேண்டும் என்றார். நகரின் வீதிகளையும் பூங்காக்களையும் தம் விரலசைவில் வைத்திருந்த றொபேட் மோசஸ், தனியார் இலாபத்துக்காக அவ்வாறு செய்ய இயலாதென மறுத்து, குயீன்ஸ் பகுதியில் பிளஷிங் மெடோஸ் என்ற நகர நிலத்தைக் காட்டினார். புறூக்ளினை விட்டு வெளியேறிய பின் அது புறூக்ளின் கழகம் ஆகாது என்றார் ஓமாலி. இருவருள் யார்மீது பழி என்பதைப் பற்றி இன்றும் நூல்கள் வெளிவருகின்றன. மோசஸின் பிடிவாதம் மெய். ஆயினும் ஓமாலி 1956இலேயே எபெற்ஸ் பீல்டை விற்றுவிட்டுக் குத்தகைக்கு இருந்தார் என்பதையும், அவ்வாண்டு ஏழு ஆட்டங்களை அண்டை மாநிலத்துக்குக் கொண்டுசென்று ஆடிக்காட்டினார் என்பதையும் நோக்கும்போது, போகும் வழியை அவர் முன்னமே துப்புரவு செய்து வைத்திருந்தார் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

ஜயன்ற்ஸின் உரிமையாளர் ஹொறஸ் ஸ்ரோன்ஹாமுக்கு அத்தகைய சூழ்ச்சி தேவைப்படவில்லை. அவர் மைதானம் உண்மையாகவே காலியாகக் கிடந்தது. 1957 ஓகஸ்ட் 19ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போவதாக அறிவித்தபோது, சிறுவர்கள் ஏமாறுவார்களே என்று பத்திரிகையாளர் கேட்டனர். சிறுவர்களை நினைத்தால் வருத்தந்தான்; ஆனால் அவர்களின் தந்தைமாரை அண்மையில் அதிகம் காணவில்லையே என்று அவர் பதில் சொன்னார். இதைவிட நேர்மையான பதிலை எந்த முதலாளியும் சொன்னதாக நாம் படித்ததில்லை.

செப்ரெம்பர் 24ஆம் நாள் எபெற்ஸ் பீல்டில் கடைசி ஆட்டம். வந்தவர் 6,702 பேர். ஓர்கன் வாசிக்கும் அம்மையார் பிரியாவிடைப் பாட்டுகளாகவே வாசித்தார். ஐந்து நாளின் பின் போலோ கிறவுண்ட்ஸில் ஜயன்ற்ஸின் கடைசி ஆட்டம். மக்கிறோவின் விதவை மனைவியும் வந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் மக்கள் மைதானத்தினுள் பாய்ந்து, தளங்களையும் புற்றரையையும் பெயர்த்துக்கொண்டு போயினர். ஒக்ரோபர் 8ஆம் நாள் டொட்ஜர்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போவது உறுதியாயிற்று. புறூக்ளினின் பெயர் தாங்கிய பழைய நாளேடு 1955இலேயே நின்றுவிட்டது. ட்ராம் வண்டிகள் 1956 ஒக்ரோபரோடு மறைந்துவிட்டன. விலகி ஓட வண்டியும் இல்லை, ஓடுபவரும் இல்லை.

போன இடத்திலும் கண்ணீர் இருந்தது. லொஸ் ஏஞ்சல்ஸில் கழகத்துக்குக் கிடைத்த சாவேஸ் ரவீன் என்ற மேட்டுநிலம், பொதுவீடுகள் கட்டுவதாகச் சொல்லி மெக்சிக்க வம்சாவளிக் குடும்பங்களிடமிருந்து எடுக்கப்பட்டது. வீடுகள் கட்டப்படவில்லை, எஞ்சி நின்ற குடும்பங்களை 1959இல் காவலர் பலவந்தமாக வெளியேற்றினர்.

1960இல் எபெற்ஸ் பீல்டை இடித்தனர். இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்போல் பந்துபோல வெள்ளை வர்ணமும் சிவப்புத் தையலும் தீட்டியிருந்தார்கள். இது எவருடைய இரசனையோ அறியோம். அவ்விடத்தில் மாடி வீடுகள் எழுந்தன. அவற்றின் சுவரிலே, இங்கே பந்து விளையாடலாகாது என்ற அறிவிப்பு தொங்கியது.

தோற்பதற்கென்றே ஒரு கழகம்

இப்போது நம் வாணிப நண்பரின் புதிருக்கு வரலாம். 1958இல் அந்த அபிமானிகள் எங்கே போயினர்? பலர் வானொலியின் அருகே. சான் பிரான்சிஸ்கோவில் ஜயன்ற்ஸ் ஆடும் ஆட்டங்களைத் தந்திச் செய்தியாகப் பெற்று, நேரிற் பார்ப்பதுபோலவே, மட்டையிற் பந்து படும் ஓசையையும் செயற்கையாக எழுப்பி, நியூயோர்க் நிலையமொன்றில் ஒலிபரப்பினர். கண்காணாத ஊரில் ஆடும் கழகத்துக்காகக் காது கொடுத்தார்களே அன்றி, சுரங்க ரயிலில் சில தரிப்பு கடந்து யாங்கீஸின் வாயிலுக்குப் போக அவர்களுக்குக் கால் எழவில்லை. பிள்ளைப் பருவம் முதல் எவனை எதிரியென்று எண்ணி வளர்ந்தார்களோ, அவன் ஒருவனே ஊரில் எஞ்சினான் என்பதற்காக அவனை உறவென்று கொள்ள முடியுமா?

வில்லியம் ஷேய் என்ற வழக்கறிஞர், புதிய லீக் ஒன்றையே தொடங்கப்போவதாக அச்சுறுத்தி, தேசிய லீக்கிடமிருந்து நகருக்கு ஒரு புதிய கழகத்தைப் பெற்றார். 1962இல் மெற்ஸ் பிறந்தது. உரிமையாளர் ஜோன் பேசன் அம்மையார். ஜயன்ற்ஸில் பங்கு வைத்திருந்தவர். இடம்பெயரும் தீர்மானத்தை எதிர்த்த ஒரே வாக்கு அவர் சார்பில் அளிக்கப்பட்டதே. புதிய கழகத்தின் நிறங்கள் டொட்ஜர்ஸின் நீலமும் ஜயன்ற்ஸின் செம்மஞ்சளும். மைதானம் ஜயன்ற்ஸ் விட்டுப்போன போலோ கிறவுண்ட்ஸ். ஆட்டக்காரருள் பழைய டொட்ஜர்ஸ் சிலர்; கில் ஹொட்ஜஸும் அவர்களுள் ஒருவர். நெறியாளர்? 1934இல் பில் ரெறியின் வாயை அடைத்த அதே கேசி ஸ்ரெங்கல். இடைக்காலத்தில் அவர் யாங்கீஸுக்கு ஏழு முறை உலக முதன்மை பெற்றுக் கொடுத்து, எழுபது வயதிற் கழற்றிவிடப்பட்டிருந்தார்.

அந்த மெற்ஸ் ஆடிய ஆட்டத்தை என்னென்பது! முதல் ஒன்பது ஆட்டமும் தோல்வி. பருவ முடிவில் வெற்றி 40, தோல்வி 120. எனினும் பார்க்க வந்தோர் 9 இலட்சத்து 22 ஆயிரம். மே 30ஆம் நாள் டொட்ஜர்ஸ் ஊரை விட்டுப் போனபின் முதன்முறையாக ஆட வந்தபோது அரங்கில் 55,704 பேர். 1964இல் பிளஷிங் மெடோஸில், மோசஸ் ஓமாலிக்குக் காட்டிய அதே நிலத்தில், நகரம் கட்டிய ஷேய் அரங்குக்கு மெற்ஸ் குடிபோயிற்று. அவ்வாண்டு யாங்கீஸ் தன் லீக்கில் முதலிடம் பெற்றது. அதைக் கண்டோர் 13 இலட்சத்து 5 ஆயிரம். 109 ஆட்டம் தோற்ற மெற்ஸைக் கண்டோர் 17 இலட்சத்து 32 ஆயிரம்! படுக்கை விரிப்புகளில் வாசகம் எழுதித் தூக்கிக்கொண்டு வந்த இளைஞர்கள், ஓர் அடி நன்றாக அடிக்கப்பட்டாலே கூத்தாடினர். 1969இல், கில் ஹொட்ஜஸின் நெறியாள்கையில், அதே மெற்ஸ் உலகத் தொடரை வென்றது.

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா அபிமானிகளும் இத்தகைய வைரம் பாய்ந்தவர்களல்லர். 1976இல், புதுப்பித்த அரங்கில் யாங்கீஸ் மீண்டும் தலையெடுத்தபோது 20 இலட்சம் பேர் அங்கே போயினர். மெற்ஸுக்கு 14 இலட்சத்து 68 ஆயிரம். 1979இல் மெற்ஸின் கணக்கு 8 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. 1984இல் மெற்ஸ் மறுபடி முந்தியது. 1986இல் உலக முதன்மையும் பெற்றது. 1993இல் யாங்கீஸ் முந்தியது. ஆகவே ஒரு நகரில் இரு கழகம் இருந்தால் மூன்று கூட்டம் உண்டு: இவருடையது, அவருடையது, காற்றடிக்கும் பக்கம் சாய்வது. மூன்றாவதுதான் முதலாளிகளின் கண்ணுக்குத் தெரிகின்றது. ஏனெனில் ஆண்டுதோறும் தொகையைக் கூட்டிக் குறைப்பது அதுவே. முதலிரண்டும் தோல்விக்காலத்தில் நூற்றுக்கு இத்தனை என்று எண்ணப்படாமல் வீட்டிலிருந்து வருந்துபவை. (ஒரு சிறு வேடிக்கை: அரங்கைப் புதுப்பித்த 1974, 1975 ஆகிய இரு ஆண்டும் யாங்கீஸ் ஆடியது மெற்ஸின் வீட்டில். வாடகைக்கு!)

2000ஆம் ஆண்டு இரண்டும் உலகத் தொடரில் மோத, யாங்கீஸ் ஐந்து ஆட்டத்தில் வென்றது. 2009இல் இரண்டும் புதிய அரங்கு கட்டிக்கொண்டன. மெற்ஸின் புதிய அரங்கின் முகப்பு எபெற்ஸ் பீல்டை ஒத்தது; நுழைவாயில் மண்டபத்துக்கு ஜாக்கி றொபின்சனின் பெயர். உடனே மெற்ஸ் அபிமானிகள் முறையிட்டனர்: இங்கே டொட்ஜர்ஸின் நினைவு நிறைய இருக்கிறது, எங்களுடையது எங்கே? அடுத்த ஆண்டு மெற்ஸுக்கென ஒரு காட்சிச்சாலை அங்கு அமைக்கப்பட்டது. பாட்டன்மாரின் துக்கம் பேரர்களுக்குப் பாரமாகத் தோன்றிவிட்டது போலும்! ஓமாலி கேட்ட சந்திப்புக்கு எதிரே 2012இல் ஒரு பெரும் விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. அதில் ஆடுவது கூடைப்பந்து.

ஆட்டக்காரரோ இத்தகைய தளைகளை அறியார். ஜாக்கி றொபின்சனையே 1956 டிசெம்பரில் டொட்ஜர்ஸ் தன் பரமவைரியாகிய ஜயன்ற்ஸுக்கு விற்றது. அவர் அங்கே ஆடவில்லை. ஆட்டத்தை விட்டு ஒரு கோப்பி நிறுவனத்திற் பதவியேற்றார். அம்முடிவை அவர் முன்னரே எடுத்திருந்தார் என்பது உண்மை. ஆயினும் அவர் ஜயன்ற்ஸின் உடுப்பை அணிய மறுத்தார் என்றே புறூக்ளின் மக்கள் சொல்லிவந்தனர். 2024ஆம் ஆண்டு யாங்கீஸுக்காக உலகத் தொடரில் ஆடிய ஹுவான் சோட்டோ, இரு மாதம் கழியுமுன் 15 ஆண்டுக்கு 76 கோடி 50 இலட்சம் டொலருக்கு மெற்ஸோடு ஒப்பந்தம் செய்தார். நகரின் ஒரு பாதி சீறியது, மறுபாதி சிரித்தது.

அந்த 2024ஆம் ஆண்டுத் தொடரில் யாங்கீஸை எதிர்த்து வென்றது லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ். அவ்விரு பெயர்களும் உலகத் தொடரில் மோதியது அது பன்னிரண்டாம் முறை. அவற்றுள் ஏழு, புறூக்ளின் காலத்தவை. 1957இல் பத்து வயதாயிருந்த ஒரு புறூக்ளின் சிறுவனுக்கு 2024இல் வயது எழுபத்தேழு. தொலைக்காட்சியின் முன்னே அமர்ந்த அம்முதியவர், தம்மைக் கைவிட்டுப்போன டொட்ஜர்ஸ் வெல்ல வேண்டுமென விரும்பினாரோ, இருவரும் தோற்க வழியுண்டா என்று பார்த்தாரோ, நாம் சொல்ல முடியாது. யாங்கீஸுக்காகக் கைதட்டியிருப்பார் என்பதை மட்டும் நாம் நம்பவில்லை.